சட்டையில் இருக்கும் சின்னம் காக்காது

2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் இலங்கையின் மூதூரில் சண்டை மூண்டபோது, ‘பட்டினிக்கு எதிரான செயல்பாடு’ என்ற நிவாரண அமைப்பின் பணியாளர்கள் 17 பேர் அங்கே சிக்கிக்கொண்டார்கள். சுனாமியில் நொறுங்கிய ஊருக்குக் குடிநீர் வசதி செய்துகொடுக்கத் திருகோணமலையிலிருந்து போனவர்கள். அலுவலகத்தை விட்டு வெளியேற வேண்டாம் என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அமைப்பின் பெயர் பொறித்த சட்டையோடு காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 4 அன்று 17 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம், எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

பழி கொன்றவர்கள் மேல்தான். ஆனால் எந்த நிலை வந்தால் ஊரை விட்டுக் கிளம்புவது, அதை யார் முடிவுசெய்வது, தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பவை சண்டைக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டியவை.

ஐ.நா. கணக்கின்படி 2024இல் உலகெங்கும் கொல்லப்பட்ட நிவாரணப் பணியாளர்கள் 383 பேர். காசாவில் மட்டும் 181, சூடானில் 60. பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்களே. பாதுகாப்புப் பயிற்சியோ வேறு திசையில் போகிறது. சோதனைச்சாவடியில் நடந்துகொள்வது, கடத்தலைச் சமாளிப்பது, குண்டடி பட்டவரின் ரத்தப்போக்கை நிறுத்துவது என நேரில் பழக்கும் சில நாள் முகாமுக்கு ஆளுக்குப் பல நூறு யூரோ செலவாகும். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு அந்தச் செலவு எளிதில் ஒதுக்கப்படுகிறது. வண்டி ஓட்டுபவர், காவலாளி, தினக்கூலிக்கு மூட்டை இறக்குபவர் என்று இறங்க இறங்கப் பணம் தீர்ந்துவிடுகிறது. இலவச இணையப் பாடங்கள் உண்டு. செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பும் ஐ.நா.வும் தருகின்றன. நல்ல பாடங்கள்தான். தன் மொழியில் இல்லாத பாடத்தை, விட்டுவிட்டு வரும் இணையத்தில் ஒரு ஓட்டுநர் எப்படிப் படிப்பார்? அவர் பெயரில் வேறு யாரோ பொத்தானை அழுத்திச் சான்றிதழ் எடுத்தால் கோப்பு நிறையும், அவ்வளவுதான்.

பணியாளருக்குப் பயிற்சி தருவது கருணைச் செலவு அல்ல, சட்டப் பொறுப்பு. 2012இல் கென்யாவின் தடாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் மன்றத்தின் வாகன வரிசை தாக்கப்பட்டது. நான்கு பணியாளர்கள் கடத்தப்பட்டு நான்கு நாளில் மீண்டார்கள். அவர்களில் ஒருவர் தொடுத்த வழக்கில், நிறுவனம் கடும் அலட்சியமாக நடந்துகொண்டது என்று 2015இல் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 44 லட்சம் குரோனர் இழப்பீடு. அந்தத் தாக்குதலில் உயிரிழந்தவர் ஒரு ஓட்டுநர்.

அலுவலக முற்றத்தில் அரை நாள் போதும், பயிற்சியைத் தொடங்குவதற்கு. ஊர்மொழியில், வாய்மொழியாக, பெண்கள் வரக்கூடிய நேரத்தில், அன்றைய கூலியைப் பிடிக்காமல். வானொலிக் கருவியை எல்லோர் கையிலும் கொடுத்துப் பேசப் பழக்குங்கள். ‘இந்த வழி வேண்டாம்’ என்று ஓட்டுநர் சொன்னால் வண்டி நிற்கும் என்பதை மேலாளர் எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். நிவாரணத்துக்குப் பணம் கொடுப்பவர்களே, உங்கள் பணத்தில் ஓடும் வண்டியின் ஓட்டுநர் கடைசியாக எப்போது பயிற்சி பெற்றார் என்று கேளுங்கள்.