கைநாட்டிலிருந்து கையொப்பத்திற்கு

1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டில் அவ்வறிவிப்பை வெளியிட்டவர், முதுமையில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. எனினும், கற்ற எழுத்து பயன்படுத்தப்படாவிடில் மறந்துபோகும். பாலக்காட்டின் சித்தூர், அட்டப்பாடி, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு ஆகிய எல்லைப் பகுதிகளில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பல வீடுகளில் பேசப்படுவது தமிழ் அல்லது அதற்கு நெருங்கிய பழங்குடி மொழி. நிரப்ப வேண்டிய படிவங்களோ பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. எனவே, எழுத்தறிந்தவரும் பிறர் உதவியை நாட நேர்கிறது.

இடுக்கி மாவட்டக் காட்டினுள் முதுவர் மக்கள் வாழும் இடமலக்குடி, இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கே தேநீர்க் கடை நடத்திய பி.வி. சின்னத்தம்பி, அக்கடையிலேயே 160 நூல்கள் கொண்ட நூலகத்தையும் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய். மாதக் கட்டணம் 2 ரூபாய். 2013ஆம் ஆண்டில் 37 முறை நூல்கள் இரவல் பெறப்பட்டதாக அவருடைய பதிவேடு காட்டியது. மக்கள் நாள்தோறும் கூடும் இடத்திலேயே எழுத்தும் இருந்ததுதான் அந்நூலகத்தின் சிறப்பு.

குடும்பத்திலும் இதைச் செய்யலாம். மாதம் ஒருமுறை பாஸ்புக்கைப் பதிவிட்டு, பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து படியுங்கள். வரவு, பற்று, இருப்பு ஆகிய மூன்று சொற்களை அறிந்தாலே கணக்கின் நிலை விளங்கும். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் சேமிப்புக் கணக்கை ஒருவரே எப்போதும் எழுதாமல், உறுப்பினர்கள் முறைவைத்து எழுதிப் பழகலாம்.

கைநாட்டு வைத்துக் கணக்குத் தொடங்கியவர், கையொப்பமிடக் கற்றபின் அடையாளச் சான்றுடன் கிளைக்கு வந்து மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால், பெயர் எழுதக் கற்பது தொடக்கமே. பொருள் விளங்காத கடன் பத்திரத்தில் இடும் கையொப்பம், கைநாட்டைவிடப் பாதுகாப்பானது அன்று. தொகை, வட்டி, தவணை ஆகியவற்றைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. விளக்கிச் சொல்வது எங்கள் கடமை.

அடுத்த முறை கிளைக்கு வருகையில், வீட்டில் எழுதப் பழகிவரும் பெரியவரையும் அழைத்து வாருங்கள். பணம் செலுத்தும் படிவத்தை அவரே நிரப்பட்டும். சற்று நேரமானாலும் நாங்கள் காத்திருப்போம்.