எட்டு ஜிபி யாருக்குப் போதும்?

64 ஜிபி ரேம் உள்ள ஒரு சர்வரில் தலா 8 ஜிபி கொண்ட 12 மெய்நிகர் கணினிகளை ஓட்ட முடியுமா? கூட்டினால் 96 வருகிறது. ஆனாலும் பெரும்பாலும் ஓடும். ஏன் ஓடுகிறது, எப்போது ஓடாது என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு மெய்நிகர் கணினிக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரே சர்வருக்குள் பல கணினிகள் இருப்பதுபோலக் காட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். 1960களிலேயே ஐபிஎம் இதைச் செய்து பார்த்தது. 1972இல் விஎம்/370 என்று சந்தைக்கும் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணினியும் 8 ஜிபி முழுவதும் தனக்கே சொந்தம் என்று எண்ணிக்கொள்ளும். ஹைப்பர்வைசரோ, அது தொடத் தொடத்தான் உண்மையான ரேமை 4,096 பைட் கொண்ட பக்கங்களாக எடுத்துக் கொடுக்கும். தொடாத பக்கத்துக்குச் செலவே இல்லை.

சிக்கல், கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்தான். உள்ளிருக்கும் இயங்குதளம் ஒரு பக்கத்தை வேண்டாம் என்று விட்டாலும், அந்தச் செய்தி வழக்கமாக வெளியே வருவதில்லை. மேலும், சும்மா கிடக்கும் ரேமை எல்லாம் அது கோப்புகளின் நகல்களால் நிரப்பி வைத்துக்கொள்ளும். அதனால் வெளியிலிருந்து பார்க்கும் ஹைப்பர்வைசருக்கு எல்லாப் பக்கமும் புழக்கத்தில் இருப்பதாகவே தெரியும். எதைப் பிடுங்கினால் வலிக்காது என்று அதற்குத் தெரியாது.

விஎம்வேர் நிறுவனத்தில் இருந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குச் சொன்ன வழி இன்றும் என்னை வியக்க வைக்கிறது. மெய்நிகர் கணினிக்குள் ‘பலூன்’ என்ற சிறு நிரலை வைத்துவிட வேண்டும். வெளியே ரேம் தட்டுப்பாடு வந்தால், பலூனை ஊதும்படி ஹைப்பர்வைசர் சொல்லும். பலூன் தன் இயங்குதளத்திடமே நினைவகம் கேட்கும். நெருக்கடியை உணர்ந்த இயங்குதளம், முதலில் காலிப் பக்கங்களையும் பிறகு அவ்வளவாகத் தேவைப்படாத கோப்பு நகல்களையும் விட்டுக்கொடுக்கும். பலூன் பிடித்த பக்கங்களின் எண்களை வெளியே சொல்ல, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான ரேம் வேறொரு கணினிக்குப் போகும். எது தேவை, எது தேவையில்லை என்ற முடிவை, அதை அறிந்த இயங்குதளமே எடுக்கிறது.

எந்த மெய்நிகர் கணினியிடம் ரேமைத் திரும்பக் கேட்பது என்பதற்கும் அதே கட்டுரையில் வழி இருந்தது. ஒவ்வொரு கணினியிலும் 30 விநாடிக்கு ஒருமுறை 100 பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, அவற்றில் எத்தனை தொடப்படுகின்றன என்று எண்ண வேண்டும். 40 தொடப்பட்டால், ஏறத்தாழ 40 சதவீத நினைவகம் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று கொள்ளலாம். தேர்தல் கருத்துக்கணிப்பின் கணிதமேதான்!

பலூனும் போதாதபோது ஹைப்பர்வைசர் பக்கங்களை வட்டில் எழுதத் தொடங்கும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல் ஆயிரம் மடங்கு. எதை எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதுவதால், அடுத்த நொடியே தேவைப்படும் பக்கம்கூட வட்டுக்குப் போய்விடலாம். அந்த நிலை வரவிடாமல் ஒதுக்குவதுதான் நிர்வாகியின் வேலை.

அளவு பார்க்கும்போது பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்ற எண் சிறிதாக இருப்பதைக் கண்டு ரேமைக் கூட்டுவது ஒன்று. கோப்பு நகல்களில் விட்டுக்கொடுக்கக்கூடியதையும் சேர்த்துச் சொல்லும் ‘அவெய்லபிள்’ என்ற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 2014 முதல் லினக்ஸ் கெர்னலே அதைக் கணக்கிட்டுத் தருகிறது. மற்றொன்று இதற்கு நேர்மாறு: சுறுசுறுப்பு எண் குறைவாக இருக்கிறதே என்று ரேமை வெட்டுவது. சற்றுமுன் தொடப்படாத பக்கம் மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும்போது தேவைப்படலாம். வேலை உச்சத்தில் இருக்கும் நாட்களையும் சேர்த்துக் கவனித்த பிறகே வெட்ட வேண்டும்.

ஜாவா நிரல்கள் தனி ரகம். அவற்றின் குப்பை அகற்றும் பகுதி, ஹீப் எனப்படும் தன் நினைவகம் முழுவதையும் அவ்வப்போது சுற்றிவரும். அதில் ஒரு பங்கு வட்டில் இருந்தால் நிரல் உறைந்து நிற்கும். தங்கள் சேமிப்பைத் தாங்களே பராமரிக்கும் தரவுத்தளங்களும் ஏறக்குறைய இப்படித்தான். இவற்றுக்கு ஹீப், இயங்குதளம் இரண்டுக்கும் வேண்டியதைக் கூட்டி, அந்த அளவை யாரும் பிடுங்க முடியாதபடி முழுமையாக ‘ரிசர்வ்’ செய்துவிடுவதே சரி. மிச்சமுள்ள ரேமில்தான் மற்றவை பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.