பாட்டு பரவுகிறது, நிலைக்கிறதா?

இன்று ஒரு புதுப் பாட்டு வெளிவருகிறது என்றால் அதற்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. போஸ்டர், சில விநாடி டீசர், பாடல் வரி வீடியோ, கூடச் சேர்ந்து ஆடச் சொல்லும் ரீல்ஸ் அழைப்பு என எல்லாமே சமூக வலைத்தளங்களை நம்பித்தான் நடக்கின்றன. திரைப்படப் பாட்டுக்காவது பின்னால் தயாரிப்பாளரின் பணம் இருக்கிறது. தனியிசைக் கலைஞருக்கு இந்தத் தளங்களை விட்டால் போக்கிடம் இல்லை. இவை பாட்டைப் பரப்புகின்றன என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பரப்பி முடித்த பிறகு அந்தப் பாட்டும் அதைக் கேட்டவர்களும் யார் கையில் இருக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கேட்கத் தவறுகிறோம். இருபது ஆண்டு அனுபவம் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. அது கலைஞர்கள் நிம்மதி அடையும்படியான விடை இல்லை.

ஷெஃபீல்டு சொல்லும் பாடம்

இணைய இசை விளம்பரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் காட்டும் உதாரணம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆர்க்டிக் மங்கீஸ் குழு. 2006 ஜனவரியில் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பம் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. பிரிட்டனில் அதுவரை எந்தக் குழுவின் முதல் ஆல்பமும் அத்தனை வேகத்தில் விற்றதில்லை. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் உருவாக்கிய நட்சத்திரங்கள் என்று அவர்களுக்குப் பெயரே விழுந்துவிட்டது. நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்த இளைஞர்கள் முதலில் சிறிய அரங்குகளில் வாசித்தார்கள். தங்கள் பாட்டுகளைக் குறுந்தகடுகளில் பதிந்து, கேட்க வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றி நண்பர்களுக்கு அனுப்பினார்கள். குழுவின் பெயரில் மைஸ்பேஸ் பக்கத்தைத் தொடங்கியவர்களும் ரசிகர்களே. தளத்தின் பங்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒரு நகரத்துக்குள் இருந்த பேச்சை அது நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் அந்தப் பேச்சு பிறந்த இடம் அரங்கு. அரங்கில் கைமாறிய குறுந்தகடுதான் முதல் விளம்பரம். இந்த வரிசையை மறந்துவிட்டு, தளத்தில் ஏற்றினாலே போதும் என்று அடுத்த தலைமுறை நம்பியதில்தான் சிக்கல் தொடங்கியது.

அந்த நம்பிக்கையின் விலை 2019 மார்ச்சில் தெரியவந்தது. சர்வர் மாற்றத்தின்போது ஏற்பட்ட கோளாறால், 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய கோப்புகள் அழிந்துவிட்டன என்று மைஸ்பேஸ் தளத்திலேயே அறிவிப்பு வந்தது. ஒரு கோடியே நாற்பது லட்சம் கலைஞர்களின் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள் போயிருக்கும் என்று செய்திகள் கணக்குச் சொன்னன. ஆய்வுக்காக ஒரு கல்விக் குழு முன்பே இறக்கி வைத்திருந்த தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 4,90,000 பாட்டுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின் நூலகம் மீட்டுக் கொடுத்தது. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. புகழ்பெற்ற குழுக்களுக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. அவர்களுடைய பாட்டு வட்டுகளிலும் இசை நிறுவனங்களின் பெட்டகங்களிலும் இருந்தது. புகழ் வராதவர்களின் பாட்டுதான் அடியோடு போனது. ஒரு பதின்ம வயதுப் பையன் தன் அறையில் பதிந்த முதல் மெட்டு, ஓராண்டு மட்டுமே உயிரோடு இருந்த ஒரு கல்லூரிக் குழுவின் ஒரே ஆல்பம் ஆகியவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. ஒரு காலத்தின் இசை எப்படி இருந்தது என்று நாளை எழுத வருபவருக்கு வென்றவர்களின் பாட்டு மட்டுமே கிடைக்கும்.

ஓர் இரவில் போன ரசிகர்கள்

நம் நாட்டு அனுபவம் வேறு விதமானது. முடிவு மட்டும் ஒன்றுதான். டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் இடைக்கால உத்தரவிட்டது. அதே மாதத்தில் தடை விலக்கப்பட்டதும், வந்த எச்சரிக்கையை எல்லோரும் மறந்துபோனார்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் பட்டியலில் இருந்தது. கானா பாடியவர்கள், நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள், சொந்த மெட்டில் நாலு வரி பாடிப் பெயர் வாங்கியவர்கள் என எத்தனையோ பேர் அதில் ரசிகர்களைச் சேர்த்திருந்தார்கள். அரசின் முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். இசைக் கலைஞரின் இடத்திலிருந்து பார்த்தால் உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. லட்சம் பேர் பின்தொடர்ந்த பாடகரிடம் அந்த லட்சத்தில் ஒருவருடைய தொலைபேசி எண்ணும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. வேறு தளத்துக்குப் போய்விட்டேன் என்று சொல்லக்கூட வழியில்லை. புறம்போக்கில் வீடு கட்டியவர் எத்தனை மாடி எழுப்பினாலும் பட்டா அவர் பெயரில் வராது. இந்தக் கலைஞர்களின் நிலையும் அதுதான்.

தளம் மூடப்படாமல் இருந்தாலும் நிலைமை மேலில்லை. 2018 ஜனவரியில் பெரிய சமூக வலைத்தளம் ஒன்று, நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தது. பக்கம் தொடங்கி, விருப்பக்குறிக்கு விருப்பக்குறி சேர்த்துவைத்திருந்த இசைக்குழுக்களின் பதிவுகள் அவர்களை விரும்பித் தேர்ந்தவர்களுக்கே சென்று சேரவில்லை. சேர வேண்டுமானால் விளம்பரமாகக் காசு கட்ட வேண்டும். சொந்த ரசிகரிடம் பேசுவதற்குக் கலைஞர் கட்டணம் செலுத்துகிறார். 2024 பிப்ரவரி தொடங்கி மூன்று மாதம், உலகின் மிகப்பெரிய இசை நிறுவனம் ஒன்றுக்கும் குறுங்காணொளித் தளம் ஒன்றுக்கும் ஒப்பந்தம் முறிந்திருந்தது. அந்த நிறுவனத்தின் பாட்டுகளைப் பயன்படுத்திய காணொளிகள் ஊமையாகிப் போயின. உலகப் புகழ்பெற்றவர்களுக்கே அந்தக் கதி என்றால், கும்பகோணத்திலோ மட்டக்களப்பிலோ வீட்டறையில் பாட்டுப் பதிகிறவர் பேரம் பேசுவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. பார்வைக் கணக்கும் முழுசாக நம்பத்தக்கதாக இருந்ததில்லை. வெளியான 24 மணி நேரத்தில் எத்தனை பார்வை என்ற சாதனைக் கணக்கில், விளம்பரம் வழியாக வந்த பார்வைகளை இனிச் சேர்ப்பதில்லை என்று யூடியூப் 2019 செப்டம்பரில் அறிவித்தது. அதுவரை அந்த எண்ணில் காசு கொடுத்து வாங்கிய பார்வையும் கலந்திருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம்.

இத்தனையும் சொன்ன பிறகு எதிர்வாதம் ஒன்று வரும், வரவும் வேண்டும். வானொலியும் கேசட் நிறுவனங்களும் சினிமாவும் வாசலை அடைத்து நின்ற காலத்தில் புதியவருக்கு இடம் எங்கே இருந்தது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 2021இல் இலங்கையின் யோஹானி பாடிய ‘மணிகே மகே ஹிதே’ என்ற சிங்களப் பாட்டு, மொழி தெரியாத இந்தியர்கள் வாயிலும் புகுந்ததற்குச் சமூக வலைத்தளங்களே காரணம். 2011 நவம்பர் 16 அன்று வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ சில நாட்களில் உலகம் சுற்றியதற்கும் அவையே காரணம். ஆனால் கொலவெறி பாட்டுக்குப் பின்னால் ஒரு திரைப்படமும் பெரிய இசை நிறுவனமும் தெரிந்த முகமும் இருந்தன. மூலப் பதிவு பாதுகாப்பாக இருக்கிறது. எந்தத் தளம் நாளை மூடினாலும் அந்தப் பாட்டு அழியாது. அந்தப் பாட்டு இடம்பெற்று 2012இல் வந்த ‘3’ படத்துக்கோ பாட்டின் உயரத்துக்கு வரவேற்பு அமையவில்லை. கோடிப் பார்வை தானாகவே கோடி டிக்கெட் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. வாசல் திறந்ததற்காகத் தளங்களைப் பாராட்டலாம். அந்த வாசலிலேயே குடியிருக்கச் சொல்வதுதான் தவறான ஆலோசனை.

வட்டு வாழ்ந்தது, கோப்பு மாய்ந்தது

பழைய ஊடகங்களும் அழிந்தவைதானே, கேசட் நாடா பூஞ்சணம் பிடிக்கவில்லையா என்று இன்னொரு வாதம் உண்டு. பிடித்தது உண்மை. ஆனால் அழியும் விதத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. கோயம்புத்தூர் தாயி என்ற பாடகி 1900களில் பாடிக் கொடுத்த இசைத்தட்டுகள் நூறு ஆண்டுக்குப் பிறகும் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றைக் காப்பாற்ற எந்த நிறுவனமும் உறுதிமொழி எடுக்கவில்லை. ஒரே பாட்டின் பல பிரதிகள் பல வீடுகளுக்குப் போயின. ஒரு வீட்டில் உடைந்த தட்டு இன்னொரு வீட்டின் பரணில் முழுசாக இருந்தது. சேகரிப்பாளர்கள் தேடி எடுத்தார்கள். பிரதிகள் சிதறிக் கிடந்ததே பாதுகாப்பாக அமைந்தது. சமூக வலைத்தளத்தில் பத்து லட்சம் பேர் ஒரு பாட்டைக் கேட்டாலும், அந்தப் பத்து லட்சம் பேரும் தொடுவது ஒரே நிறுவனத்தின் சேமிப்பில் இருக்கும் கோப்பைத்தான். கேட்ட யாரிடமும் பிரதி தங்குவதில்லை. சேமிப்பு போனால் பத்து லட்சம் பேருக்கும் ஒரே நேரத்தில் போகிறது. 1905ஆம் ஆண்டின் குரல் கேட்கிறது, 2005ஆம் ஆண்டின் குரல் கேட்கவில்லை என்ற விபரீதம் இப்படித்தான் நேர்கிறது. இசை விளம்பரம் பற்றிய எல்லாக் கவலைகளிலும் தலையானது இதுவே என்பது என் கருத்து. வருமானம் இன்று குறைந்தால் நாளை ஈட்டலாம். ஒரு தலைமுறையின் பாட்டு அழிந்தால் அதை மறுபடி பாடிவைக்க ஆள் கிடைக்காது.

புத்தகத்துக்கு நாம் இந்தக் கவலையைச் சட்டத்தாலேயே தீர்த்திருக்கிறோம். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட குறிப்பிட்ட நூலகங்களுக்கும் போக வேண்டும். இரண்டு ஆண்டுகளில் செய்தித்தாள்களும் அதில் சேர்க்கப்பட்டன. பாட்டுப் பதிவுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அச்சில் வந்த கவிதைத் தொகுப்பு நூறு பிரதி மட்டும் அடிக்கப்பட்டதானாலும் கன்னிமாராவில் இருக்க உரிமை பெற்றது. கோடிப் பேர் கேட்ட பாட்டுக்கு அந்த உரிமை இல்லை. ஒலிப்பதிவுகளையும் ஒப்படைப்பில் சேர்த்தால் செலவு அதிகமாகாதா என்று கேட்கலாம். நூல்களைப்போல அடுக்கிவைக்கக் கட்டடம் வேண்டியதில்லை. டிஜிட்டல் கோப்புக்கு நூலகத்தின் சேமிப்பகம் போதும். வேண்டியது மனமும் ஒரு திருத்தமும்தான். தமிழ் இசைக்கென்று சங்கங்களும் இசைக்கென்று ஒரு பல்கலைக்கழகமும் வைத்திருக்கும் தமிழ்நாடு, மத்தியச் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் விருப்ப ஒப்படைப்பு முறையை இன்றே தொடங்கலாம்.

அரசு செய்யும்வரை கலைஞர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முதல் வேலை, தளத்தில் ஏற்றுவதற்கு முன் மூலப் பதிவை முழுத் தரத்தில் குறைந்தது இரண்டு இடங்களில் வைப்பது. எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், பதிந்தவர் பெயர்களைப் பதிவோடு சேர்த்து எழுதிவைப்பதும், பதிவின் அடையாளமான ஐ.எஸ்.ஆர்.சி. குறியீட்டைப் பெறுவதும் அடுத்த வேலை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதிசெய்திருக்கிறது. பெயர் பதியாதவர் அந்தப் பங்கைக் கேட்கப் போகும்போது கையில் சான்று இருக்காது. மூன்றாவது, கேட்பவருடன் நேரடித் தொடர்பு. ரேடியோஹெட் குழு 2007 அக்டோபரில் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தைத் தன் சொந்த இணையதளத்தில் வெளியிட்டு, விரும்பிய விலையைக் கொடுங்கள் என்றது. அவர்கள் ஏற்கெனவே புகழ்பெற்றவர்கள், புதியவருக்கு அது கைகூடாது என்பார்கள். ஆயிரம் பேர் வேண்டாம், நூறு பேரின் மின்னஞ்சல் போதும். அந்த நூறு பேரை எந்தத் தளமும் பறிக்க முடியாது. வாங்கியவரின் முகவரியைக் கலைஞருக்கே தரும் பேண்ட்கேம்ப் போன்ற விற்பனைத் தளங்கள் 2008 முதலே இருக்கின்றன. சமூக வலைத்தளத்தில் போடும் ஒவ்வொரு பதிவும் கேட்பவரை அந்த இடத்துக்கு அழைத்து வருவதாக இருக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிடித்த பாட்டைப் பகிர்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கலைஞர் விற்கிறார் என்றால் விலை கொடுத்து வாங்கி, இறக்கி, உங்கள் கணினியில் ஒரு பிரதி வையுங்கள். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், கல்லூரி விழாவில் பாடியவரிடம் மூலப் பதிவு எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நூலகத்துறையும் இசைப் பல்கலைக்கழகமும் ஒலிப்பதிவு ஒப்படைப்பைத் தொடங்க வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். இன்றைய தமிழ்ப் பாட்டு நாளைய தமிழருக்குக் கிடைக்க வேண்டுமானால் அதைக் காக்கும் பொறுப்பை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.