ஆசிரியர்கள் எங்கே, எப்படி உருவாகின்றனர்?



"நாலெழுத்துத் தெரிந்தவன் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டானா?" என்று தோட்டப்புறங்களில் பெரியவர்கள் கேட்பதுண்டு. இதில் பழிப்பு ஏதும் இல்லை. அவர்கள் கண்ட உலகம் அப்படித்தான் இருந்தது. பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் நிருவாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆசிரியருக்கு எங்கே போவது? கிராணிமாரில் ஒருவர், கங்காணிக்கு வேண்டியவர் ஒருவர், ஊரில் சில வகுப்புகள் படித்துவிட்டுக் கப்பலேறி வந்த ஒருவர் என்று யாராவது ஒருவர் ஆயாக்கொட்டகையின் ஓரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் இல்லாதிருந்தால் நம் பாட்டன்மாரில் பலர் கையெழுத்துப் போடவும் தெரியாமல் போயிருப்பார்கள். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்து நினைக்கவேண்டும். அச்சட்டத்திற்கு முந்தைய ஆண்டான 1922இல், தஞ்சோங் மாலிமில் மலாய் ஆசிரியர்களுக்கெனச் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழாசிரியர்களுக்கு அப்படியொரு முழுநேரக் கல்லூரி அந்நாளில் கட்டப்படவில்லை. வாரம் முழுதும் வகுப்பு நடத்திவிட்டு, வார இறுதிப் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வந்துதான் அவர்களில் பலர் பின்னாளில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆயினர். ஓய்வு நாளை விற்று வாங்கிய பயிற்சி அது.

நாடு விடுதலை பெற்ற 1957இல் நம்மிடம் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மக்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டும் இன்று ஐந்நூற்று இருபதுக்கு மேற்பட்டவையே எஞ்சியுள்ளன. பள்ளிகள் குறைந்த இதே காலத்தில் ஆசிரியர் பயிற்சி நீண்டுகொண்டே வந்திருக்கிறது. எழுபதுகளில் இரண்டாண்டுப் பயிற்சி. 1981இல் அது ஐந்து பருவங்களாக, அதாவது இரண்டரை ஆண்டாக ஆயிற்று. 1996இல் மூன்றாண்டு டிப்ளோமா வந்தது. 2007 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இளங்கலைப் பட்டப் படிப்பே நடத்தப்படுகிறது. பழைய பயிற்சிக் கல்லூரிகள் 27 ஒரே குடையின்கீழ் ஆசிரியர் கல்விக் கழகத்தின் வளாகங்களாயின. எஸ்.பி.எம். முடித்தவர் முதலில் ஓராண்டு அளவிலான ஆயத்தப் படிப்பையும் அதன்பின் நான்காண்டுப் பட்டப் படிப்பையும் முடிக்கவேண்டும். ஆகக் கூட்டினால் ஐந்தாண்டு.

ஐந்தாண்டா? ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு 'அம்மா', 'ஆடு' சொல்லிக்கொடுக்கவா ஐந்தாண்டு என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

எழுத்திலிருந்தே தொடங்குவோம். நமக்கு எழுத்துகள் 247. பயிற்சி இல்லாதவர் நெடுங்கணக்கு வரிசைப்படி அகரத்திலிருந்து ஆரம்பிப்பார். அகரமோ சுழித்து, வளைத்து, கோடிழுத்து எழுதவேண்டிய எழுத்து. இதுவரை கரித்துண்டால் சுவரில் கிறுக்கிய கை, முதல் நாளிலேயே அதற்குப் பணியுமா? பிள்ளை மூன்று நாள் திணறும்; நான்காம் நாள் "எனக்கு எழுத வராது" என்று ஒதுங்கிவிடும். பயிற்சி பெற்றவர் எழுத்தின் வரிசையை மட்டும் பார்ப்பதில்லை, விரலின் வலுவையும் பார்க்கிறார். 'ட' இரண்டே கோடு. அதோடு இன்னொரு கோட்டை நிறுத்தினால் 'ப'. அங்கிருந்து 'ம' அதிக தூரமில்லை. இந்த மூன்றோடு புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகின்றன. ஒரே வாரத்தில் தானே ஒரு சொல்லைப் படித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி அதற்குக் கிடைக்கிறது. பிள்ளை மறுநாளும் பள்ளிக்கு ஓடிவருவது அந்த மகிழ்ச்சியால்தான்.

கணக்கில் பாருங்கள். நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை முப்பத்தைந்து என்று எழுதுகிறது. தெரியாதவர் பெரிய தவறுக்குறி ஒன்றைப் போட்டு, "கவனம் இல்லை" என்று திட்டி அனுப்புவார். ஆனால் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்றும், நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று என்றும் போட்டிருக்கிறது. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்கவேண்டும் என்று அது தானாக ஒரு விதியைச் செய்துகொண்டது. அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் ஆயிரம் கணக்குப் போடவைத்தாலும் ஆயிரமும் தவறாகவே வரும். இப்படிப் பிள்ளையின் தவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வதற்கே பயிற்சியில் ஒரு பெரும் பகுதி செலவாகிறது. பிறகு, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் குச்சிகளைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் கழித்துப் பார்க்கச் சொல்வார் ஆசிரியர். செம்பனைத் தோட்டத்தில் ஈர்க்குக்குப் பஞ்சமா? எட்டு வயதுப் பிள்ளையின் மனம் எப்படிச் சிந்திக்கிறது, எதைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்பும் என்பதைச் சொல்லும் குழந்தை உளவியல் என்ற பாடம் இங்கேதான் பயன்படுகிறது. பட்டப் படிப்பு என்றதும் தடித்த புத்தகங்களை நினைத்துக்கொள்கிறோம். அவை உண்டு; ஆனால் அவற்றின் பயன் ஈர்க்குக் குச்சியில் வந்து முடியவேண்டும் என்பது நம் கருத்து.

மற்றொரு சிக்கல் நம் தோட்டப் பள்ளிகளுக்கே உரியது. முப்பது அல்லது அதற்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளியில் இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பாகச் சேர்த்துவிடுவது வழக்கம். ஒரே அறையில் இடப்பக்கம் ஒன்றாம் ஆண்டு, வலப்பக்கம் இரண்டாம் ஆண்டு. ஒரு பக்கத்துக்குப் பாடம் நடக்கும்போது மறுபக்கம் சும்மா இருக்கக் கூடாது. சத்தமும் போடக் கூடாது. அவர்களுக்குத் தனியே செய்யக்கூடிய வேலை, அதுவும் நேற்று படித்ததை ஒட்டிய வேலை, முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கவேண்டும். இதைத் திட்டமிடாமல் வகுப்புக்குள் நுழைபவர் இரண்டு பக்கத்தையும் இழப்பார்.

ஆகையால்தான் நாள் பாடத்திட்டம் எழுதப் பழக்குகிறார்கள். பீடிகையில் தொடங்கி, நடவடிக்கைகளை வரிசைப்படுத்தி, முடிவு, சிந்தனை மீட்சி என்று எழுதவேண்டும். பயிற்சி ஆசிரியர்களுக்கு இதைவிட அலுப்பான வேலை வேறு கிடையாது. இரவு பன்னிரண்டு வரை எழுதுவார்கள், முணுமுணுப்பார்கள். பீடிகைக்கு ஒரு பாட்டா, ஒரு படமா, ஒரு கதையா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சிந்தனை மீட்சி என்பது, இன்றைய பாடம் எத்தனை பிள்ளைகளைச் சென்று சேர்ந்தது, சேராதவர்களுக்கு நாளை என்ன செய்வது என்று தனக்குத்தானே கணக்கு ஒப்புவிப்பது. சிலர் இதை வெறும் சடங்காகச் செய்வதும் உண்டுதான். உண்மையாகச் செய்பவரின் வகுப்பில் பின்தங்கிய பிள்ளை அதிக நாள் மறைந்திருக்க முடியாது. ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு இதன் எடை கூடிவிட்டது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று அத்தேர்வுத்தாள் சொல்லும் என்று காத்திருந்த பெற்றோர், இப்போது வகுப்பாசிரியரின் மதிப்பீட்டையே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் மாணவர்கள் பள்ளிகளுக்கே அனுப்பப்படுகிறார்கள். முதலில் பார்த்துப் பழகுவது. பிறகு கட்டங்கட்டமாக, ஒவ்வொரு முறையும் கூடுதலான வாரங்களுக்கு, வகுப்பை நடத்துவது. பள்ளியில் ஒரு வழிகாட்டி ஆசிரியரும் வளாகத்திலிருந்து ஒரு விரிவுரையாளரும் பின்வரிசையில் அமர்ந்து பார்த்துக் குறிப்பெழுதுவார்கள். "படிக்க வந்தவர்களை விட்டா எங்கள் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது?" என்று அச்சமயத்தில் சில பெற்றோர் குறைப்படுவார்கள். அந்த வாரங்களில் உங்கள் பிள்ளைக்கு உண்மையில் இரண்டு ஆசிரியர்கள். இளையவர் உங்கள் தோட்டத்துக்குள் வந்தால் நல்வரவு சொல்லுங்கள். பிள்ளைகளின் வீட்டு நிலையும், அதிகாலையில் பெற்றோர் பெரட்டுக்குப் போன பின் தானே எழுந்து பள்ளிக்கு வரும் பிள்ளையின் பாடும் அவருக்குப் புத்தகத்தில் கிடைக்காதவை.

இனி, நம் வீட்டுப் பிள்ளை அந்த இடத்துக்குப் போவது எப்படி? சுங்கைப்பட்டாணி, புக்கிட் மெர்தாஜாம், ஈப்போ, சிரம்பான் ஆகிய ஊர்களின் வளாகங்கள் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்திருக்கின்றன. தமிழ்மொழி மட்டுமன்றி, கணிதம், அறிவியல் முதலிய பாடங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பிரிவில் இடம் தரப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எவை என்பது அவ்வாண்டின் அறிவிப்பைப் பொறுத்தது. எஸ்.பி.எம். முடிவுகளை ஒட்டிக் கல்வி அமைச்சு இணையம் வழியாக விண்ணப்பம் கேட்கிறது. கொடுக்கும் நாள்கள் குறைவு. போட்டி கடுமை, வெறும் தேர்ச்சி போதாது, சிறந்த தேர்ச்சி வேண்டும். தகுதித் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு.

ஆனால் கதவு மூடிக்கொள்வது விண்ணப்பத்தின்போது அன்று. அதற்கு வெகு முன்னரே, நம்மில் பலருக்குத் தெரியாமலேயே, அது மூடிவிடுகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழிப் பாடம் எடுத்து நல்ல தேர்ச்சி பெற்றிருக்கவேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்கே தமிழ் வகுப்பு பிற்பகலிலோ, இல்லவே இல்லாமலோ இருக்கிறது. படிவம் நான்கில், "இது ஒரு பாடம் கூடுதல் சுமை, விட்டுவிடு" என்று யாரோ சொல்கிறார்கள்; பிள்ளையும் விட்டுவிடுகிறது. பதினாறு வயதில் எடுத்த அந்த முடிவு, பதினெட்டு வயதில் ஆசிரியராக விரும்பும்போது குறுக்கே வந்து நிற்கிறது. பிறகு அழுது பயனில்லை.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியிலும் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்யவேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. பதினைந்து பெற்றோர் என்பது ஒரு லயத்தில் எதிரெதிரே இருக்கும் வீடுகள்தாம். கடிதம் எழுதித் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் உதவுவார். மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் பிள்ளை பின்தங்காமல் பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்த வேலைதான். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியதையும், 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டதையும் கண்டவர்கள், ஒரு மொழியோடு மட்டும் ஆசிரியர் பிழைக்க முடியாது என்பதை ஒத்துக்கொள்வார்கள்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். இது அரசாங்கக் கழகம். தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கிக் கட்டுவதுபோல் இதற்குக் கட்டவேண்டியதில்லை. பயிற்சியாளர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்பட்டு வந்திருக்கிறது; வளாகத்தில் விடுதியும் உண்டு. மகளைத் தொலைவில் விட அஞ்சும் பெற்றோருக்கு விடுதி ஒரு தெம்பு. ஆனால் வேறொரு செலவு இருக்கிறது. அதை மறைப்பது சரியாகாது. தொழிற்சாலை வேலைக்குப் போனால் அடுத்த மாதமே சம்பளம் கொண்டுவரக்கூடிய பிள்ளை, ஐந்தாண்டுக்குக் குடும்பத்துக்கு ஒன்றும் பெரிதாகத் தரமாட்டான். தகப்பனுக்கு உடல்நலம் இல்லை, கீழே இரண்டு தம்பி தங்கைகள் என்ற வீட்டில் இது சிறிய காரியம் அன்று. அந்தக் கணக்கை முடிவுகள் வந்த பிறகு அவசரமாகப் போடாமல், பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிவைப்பது நல்லது.

சேரும்போது அரசாங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்திடவேண்டும். படிப்பு முடிந்ததும் எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் போகவேண்டும். தமிழ்ப்பள்ளிகள் தீபகற்பத்தில் மட்டுமே இருப்பதால் கடல் கடக்கவேண்டிய அச்சம் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குப் பெரும்பாலும் இல்லை. ஆனால் கெடாவில் பிறந்தவர் ஜொகூரில் வேலை பார்க்க நேரலாம்.

கடைசியாகப் பத்திரங்கள். விண்ணப்பிப்பவர் மலேசியக் குடிமகனாக இருக்கவேண்டும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழை, தாய் தகப்பன் திருமணப் பதிவு இல்லாமை, சிவப்பு அடையாளக் கார்டு என்று நம் தோட்டங்களில் பல குடும்பங்களில் இன்னும் முடிச்சுகள் உண்டு. இவை ஒரு மாதத்தில் அவிழ்பவை அல்ல. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை இன்றிரவே பெட்டியிலிருந்து எடுத்து, அடையாளக் கார்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் அடுத்த சம்பள விடுமுறையிலேயே தேசியப் பதிவு இலாகாவுக்குப் புறப்படுங்கள்.