ஏலக்காய்ச் சீட்டில் ஆங்கிலப் பெயரடைகள்

ஏலக்காய் வணிகருக்கு ஆங்கில இலக்கணம் எதற்கு என்று நம் உறுப்பினர்களில் சிலர் கேட்கக்கூடும். மலையில் காய் எடுக்கும் இடத்திலும் போடி கடைகளிலும் பேச்சு தமிழிலும் மலையாளத்திலும் நடக்கிறது. ஆனால் சரக்கு மும்பைக்கோ, டில்லிக்கோ, வளைகுடா நாட்டுக்கோ புறப்படும்போது கூடவே போகும் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தத் தாளில் விலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் பெயரடைகள், ஆங்கிலத்தில் 'அட்ஜெக்டிவ்' எனப்படுபவை. ஒரு பொருள் எப்படிப்பட்டது, எவ்வளவு, எந்த ஊருடையது என்று சொல்வது இவற்றின் வேலை.

நாம் அன்றாடம் சொல்லும் ஏ.ஜி.ஈ.பி. என்பதையே எடுத்துக்கொள்வோம். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு. இதில் 'ஆலப்பி' என்பது இடத்தைக் குறிக்கும் அடை. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமையாக வைத்திருந்த காலத்தில் மலைச்சரக்கு ஆலப்புழைக் கிடங்குக்குப் போய் அங்கிருந்து விற்பனையானது, பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்று இது புவிசார் குறியீடு பெற்ற பெயர். குவாத்தமாலா காய் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதன்மேல் இந்த அடையை ஒட்ட முடியாது.

'கிரீன்', 'போல்டு' இரண்டும் தன்மை அடைகள். 'போல்டு' என்றால் அகராதியில் தைரியமான என்று இருக்கும். நம் சந்தையில் அது பருவெட்டுக் காய். 'எக்ஸ்ட்ரா' அடைக்கு அடை. அக்மார்க் தரப்படி எக்ஸ்ட்ரா போல்டு 7 மி.மீ. அளவும் லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம் எடையும் இருக்க வேண்டும். போல்டு 6 மி.மீ., 415 கிராம். அதற்கும் கீழே மூன்றாவதாக வருவதன் பெயர் 'சுப்பீரியர்': 5 மி.மீ., 385 கிராம்! சுப்பீரியர் என்றால் மேலானது என்று நம்பும் புதிய வாடிக்கையாளருக்கு இதை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. (இலக்கணத்திலும் இச்சொல்லுக்கு ஒரு தனிப்போக்கு உண்டு. இதற்குப் பின் 'தேன்' வராது, 'டு' தான் வரும்.) கடைசித் தரமான 'லைட்' நிறத்தைச் சொல்வதன்று, எடையைச் சொல்வது. வெளிர்பச்சை என்று நினைத்து ஆர்டர் கொடுப்பவர் ஏமாறுவார்.

சொல் வரிசையும் கவனிக்கத்தக்கது. சாதாரண ஆங்கிலத்தில் முதலில் அளவு, பிறகு நிறம், பிறகு ஊர் என்று அடைகள் நிற்கும். நம் தரப்பெயரில் ஊர் முன்னால், அளவு கடைசியில். தரப்பெயரை அப்படியே எழுதுங்கள். வாக்கியமாக எழுதும்போது மட்டும் 'போல்டு கிரீன் ஆலப்பி கார்டமம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

'ஸ்மால் கார்டமம், எக்ஸ்ட்ரா போல்டு' என்ற தாளைப் பார்த்து, சின்னக் காயா பெரிய காயா என்று ஒரு புதிய எழுத்தர் திகைக்கலாம். இங்கே 'ஸ்மால்' அளவை அல்ல, இனத்தைச் சொல்லும் அடை. நம் மலையில் விளைவது சிற்றேலம். சிக்கிம் பக்கத்தில் விளைவது பேரேலம், 'லார்ஜ் கார்டமம்'. இனத்தைச் சொல்லும் அடைக்கு ஒப்புமை கிடையாது. 'ஸ்மாலர் கார்டமம்' என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

பணத்தைக் கடிக்கும் இடம் எண்ணிக்கை அடைதான். 'ஃபியூ ஸ்பிளிட்ஸ்' என்றால் வெடித்த காய் அநேகமாக இல்லை. 'எ ஃபியூ ஸ்பிளிட்ஸ்' என்றால் சில இருக்கின்றன. ஈரப்பதத்துக்கு 'லிட்டில்', 'எ லிட்டில்' என்பவற்றிலும் இதே வேறுபாடு. ஓர் 'எ' விட்டுப்போனால் நீங்கள் கொடுக்காத உறுதியைக் கொடுத்தவராகிவிடுவீர்கள். இரண்டையும் விட்டுவிட்டு இத்தனை சதவீதம் என்று எண்ணிலேயே எழுதுவதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. 'பெஸ்ட் குவாலிட்டி' என்பதற்கோ, சல்லடையும் லிட்டர் எடையும் பேசும் ஏலத்தில், யாரும் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கமாட்டார்கள்.

பொட்டலம் போட்டு விற்கும் சில்லறை வணிகர்கள் இன்னும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள் 'நேச்சுரல்', 'பியூர்', 'ஃபிரெஷ்', 'ஜென்யூன்' முதலிய அடைகளுக்கு நிபந்தனை விதித்துள்ளன. கழுவுதல், தோலுரித்தல், குளிரூட்டல், நறுக்குதல் போன்றவற்றைத் தவிர வேறு பக்குவம் செய்யாத பொருளையே 'ஃபிரெஷ்' எனலாம். ஸ்டோரில் சூடேற்றி உலர்த்திய ஏலக்காய்க்கு அந்தச் சொல் பொருந்தாது. உங்கள் பிராண்டுப் பெயரிலேயே இத்தகைய சொல் இருந்து, வாங்குபவர் தவறாக எண்ண இடமிருந்தால், அது பெயர் மட்டுமே என்று பொட்டலத்தில் அறிவிப்பு அச்சிட வேண்டும். 'ஆர்கானிக்' என்று போடுவதற்கோ தனியாகச் சான்றிதழ் வேண்டும்; மருந்தடிக்காத தோட்டம் என்று விவசாயி வாயால் சொன்னது போதாது.