முந்நூறு மீட்டருக்குள் ஒரு சாளை

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒரு தோட்டம். ஊர்ப்பெயர் வேண்டாம், விவகாரம் இன்னும் முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல் ஒன்றை நீட்டினார். கிராம நிர்வாக அலுவலரின் சான்று. மேற்படி புல எண்ணைச் சுற்றி 300 மீட்டருக்குள் குடியிருப்புகள் ஏதும் இல்லை என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தது.

“ஏனுங் கண்ணு, நான் குடியிருக்கறனா இல்லியா? நீயே சொல்லு.”

உள்ளே குக்கர் விசில் அடித்தது. பேரன் திண்ணையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். கட்டுத்தரையில் இரண்டு எருமை, ஒரு கன்று. வேலிக்கு அந்தப் பக்கம், கல் குவாரிக்குக் கேட்டிருக்கிற பக்கத்துக் காட்டில், வெள்ளையடித்த புது எல்லைக்கல் நட்டிருந்தார்கள். சாளை, அதாவது தோட்டத்து வீட்டின் வாசலிலிருந்து அந்தக் கல் வரைக்கும் நடந்து பார்த்தேன். முந்நூறு மீட்டரெல்லாம் இல்லை, அதில் பாதிகூடத் தேறாது.

அப்படியென்றால் அந்தச் சான்று பொய்யா? அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. கொங்கு நாட்டு விவசாயிகள் பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இல் போடப்பட்டவை. அதில் 36ஆம் விதி, மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் ‘குடியிருக்கும் இடம்’ எது என்றும் அதே விதி விளக்கம் சொல்கிறது: வருவாய்த் துறைப் பதிவேட்டில் ஊர் நத்தமாகவோ மனையாகவோ இருப்பது, அல்லது உள்ளாட்சியோ நகரமைப்புத் துறையோ ஒப்புதல் கொடுத்த மனை, மனைப்பிரிவு. தஞ்சாவூர்ப் பக்கம் வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி நிற்கும், ஊர் ஒரு இடம், வயல் ஒரு இடம். நம் பக்கம் அப்படியில்லை. ஊருக்குள் ஒரு வீடு இருந்தாலும் பிழைப்பு தோட்டத்துச் சாளையில்தான். கிணறு, தென்னை, மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி நாலு அறை. அந்த இடம் பதிவேட்டில் இன்னும் புஞ்சை. தாத்தா காலத்தில் மண்சுவர் வைத்துக் கட்டியதற்கு யாரும் கட்டட அனுமதி வாங்கவில்லை. ஆகவே அடங்கலில் அங்கே சோளம் இருக்கிறது, வீடு இல்லை. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த சாளை, காகிதத்தில் வெறும் காடு.

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் குவாரிக்குப் பெரும்பாலும் ‘சாதாரண கற்கள் மற்றும் கிராவல்’ என்று சேர்த்துத்தான் குத்தகை கேட்பார்கள். மேலே கிடக்கிற சரளை முதலில் லோடு லோடாக மனை நிரப்பவும் ரோட்டுக்கும் போகும். அடியில் பாறை தெரிந்ததும் கம்ப்ரசர் வரும், வெடி வரும், ஜல்லியும் எம்-சாண்டும் ஆகும். கல் தட்டுப்பாடுள்ள கேரளமும் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான். ‘கிராவல்தானே எடுக்கறாங்க’ என்று அசட்டையாக இருந்தவர்கள் ஆறு மாதத்தில் சுவர் அதிரும்போதுதான் தாளைத் தேடுகிறார்கள். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வெறும் கிராவலோ செம்மண்ணோ மட்டும் எடுக்கிற குழிக்கு இந்த 300 மீட்டர் கணக்கை அப்படியே நம்பக்கூடாது, விதி கல்லைத்தான் பேர் சொல்லிச் சொல்கிறது. விண்ணப்பத்தில் என்ன கனிமம் எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

சொந்தப் பட்டா நிலமானாலும் விற்பனைக்குக் கனிமம் எடுக்க மாவட்ட ஆட்சியரின் குத்தகை வேண்டும். விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குப் போகும். அங்கிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர். அவர்கள் அறிக்கை மேலே ஏறியதும், இந்தப் பரப்பில் எடுக்கலாம் என்று விண்ணப்பதாரருக்குக் கடிதம் வரும். பிறகு சுரங்கத் திட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, குத்தகைப் பத்திரம், லாரிக்கு நடைச்சீட்டு. இத்தனை மேசை தாண்ட மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில் ஊருக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிற அன்றைக்குப் பொக்லைன் வந்து நிற்கும். ஆட்சேபணைக்கு உண்மையான பலம் வருவாய்த் துறை அறிக்கை எழுதும் நாட்களில்தான். காட்டுக்குள் புது ஆட்கள் டேப் பிடித்து அளந்தாலே விசாரியுங்கள். திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். மனுவில் ‘குவாரி வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் அது அடுக்கோடு சேர்ந்துவிடும். புல எண், உங்கள் வீட்டின் புல எண், இடைப்பட்ட தூரம், புலப்படத்தில் வரைந்து காட்டிய ஓடை, கிணறு என்று எழுதினால், யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

“மாஸ்டர் பிளான்ல எங்க ஊரு விவசாய ஏரியாங்க, குவாரி வராது” என்று பலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. கோவைக்கு 1994இல் ஒப்புதலான பெருந்திட்டம் முப்பது வருடம் ஓடியது. 2041ஐ இலக்காக வைத்த புதுத் திட்டம் 2025இல் வந்தது. உங்கள் புல எண் அதில் குடியிருப்பா, வேளாண்மையா, தொழிலா என்று பார்த்து வைப்பது அவசியம். ஆனால் வரைபடத்தில் பச்சை அடித்திருப்பதே பூட்டு ஆகிவிடாது. குத்தகை கொடுப்பது கனிமச் சட்டம், நில வகைப்பாடு நகர் ஊரமைப்புச் சட்டம், இரண்டும் வேறு மேசை. கிரஷர் போடுவது வேறு கதை. அது ஆலை. திட்ட அனுமதி கேட்க வேண்டும். நிலம் வேளாண் வகைப்பாட்டில் இருந்தால் மாற்றக் கேட்பார்கள், நாளிதழில் அறிவிப்பு வந்து ஆட்சேபணை கேட்கும். அந்த அறிவிப்பைப் படிக்கிற ஆள் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

மலையடிவாரம் என்றால் இன்னொரு வாசல் உண்டு. தொண்டாமுத்தூர், பேரூர் பக்கத்துக் கிராமங்கள் பல, 1990இல் உண்டான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. ஊரில் ஹாகா என்பார்கள். அங்கே அதன் அனுமதியும் வேண்டும். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021இல் விதி வந்தபோது சந்தோஷப்பட்டோம். 2022 டிசம்பரில் அரசே காப்புக்காட்டை அந்த விதியிலிருந்து எடுத்துவிட்டது. சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவை மட்டும் மிஞ்சின. பழைய நாளிதழ்த் துண்டை வைத்துக்கொண்டு வாதாடப் போகாதீர்கள்.

இனி ஐந்து ஹெக்டேர் சங்கதி. சிறு குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்ற நிலையை 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. இப்போது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும், ஆனால் ஐந்து ஹெக்டேருக்கு மேல் போனால்தான் முழு ஆய்வறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும். அதனால்தான் விண்ணப்பங்களில் 4.85, 4.92 என்று பரப்பளவு வந்து நிற்கிறது. நிலத்துக்கு அவ்வளவு ஒழுங்காக அளவெடுக்கத் தெரியாது, ஆளுக்குத்தான் தெரியும். இதற்கும் மாற்று உண்டு: 500 மீட்டருக்குள் இருக்கிற குவாரிகளைச் சேர்த்துக் கூட்டி ஐந்தைத் தாண்டினால் அது தொகுப்பு, கூட்டம் நடத்தியே தீர வேண்டும். பக்கத்தில் எந்தக் குவாரி ஓடுகிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? விண்ணப்பமும் சுரங்கத் திட்டமும் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் ஏறும். எல்லை மூலைகளின் அட்சரேகை தீர்க்கரேகைகூடத் திட்டத்தில் இருக்கும். ஊரில் கைபேசி தெரிந்த ஒரு பையன் அதை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், தூரம் தானாக வெளியே வந்துவிடும்.

சாளைக்காரருக்கு நான் சொன்ன வழியும் இங்கேதான் இருக்கிறது. கனிம விதி அவரைப் பார்க்காமல் போனாலும், சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக் குழு பார்க்கும். 50, 100, 200, 300 மீட்டருக்குள் என்னென்ன கட்டடம், எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று அந்தக் குழு விண்ணப்பதாரர்களிடம் வழக்கமாகவே கேட்கிறது. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ரேஷன் அட்டை முகவரி, வாசலில் நின்று எடுத்த படம் எல்லாம் சேர்த்து, அனுமதி கொடுக்கிற மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். அப்படியே ஊராட்சியில் கட்டட அனுமதிக்கும் விண்ணப்பம். குத்தகை கையெழுத்தான பிறகு வாங்கும் அனுமதிக்கு மதிப்பு குறைவு, முன்னாடி வாங்கினால் அதுவே வேலி.

கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால், முப்பது நாள் முன்னதாக இரண்டு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கம் கேளுங்கள். ஆட்சியரோ அவர் நியமிக்கிற உயர் அலுவலரோ தலைமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், முழுக்க வீடியோ எடுப்பார்கள். கூச்சல் போட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு வெற்றி என்று திரும்புவது நம் ஆட்கள் அடிக்கடி செய்கிற தப்பு. பதிவாகாத கூச்சல் நாளைக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தில் உதவாது. அறிக்கையில் விட்டுப்போன கிணற்றைச் சொல்லுங்கள், கடைசியில் குறிப்பை வாசிக்கும்போது உங்கள் பேச்சு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தாலும் செல்லும். கிராம சபைத் தீர்மானம் பற்றியும் ஒன்று: அது குவாரியைத் தானாக நிறுத்திவிடாது. ஆனால் ஊர் எதிர்த்தது என்பதற்குத் தேதி போட்ட சாட்சி. வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது, அடுத்தது எப்போது என்று பாருங்கள்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குத் தடாகம் பள்ளத்தாக்கு இருக்கிறது. சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், சோமையம்பாளையம், பன்னிமடை. இந்த ஐந்து ஊராட்சிகளில் செங்கல் சூளைகள் பல வருடம் முறையான அனுமதியில்லாமல் செம்மண் தோண்டின. யானை நடக்கிற தடம் அது. சூளைக்கு எரிக்கக் கொண்டுவந்து போட்ட பனைமரத் துண்டுகளின் சோற்றைத் தேடி யானைகள் சூளைக்கே வந்தன. உயர் நீதிமன்றத்திலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் வழக்கு நடந்து, 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. மக்கள் ஜெயித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சூளையை மூட ஒரு பூட்டு போதும், மாடி உயரத்துக்குப் பறித்த குழியை எதைக் கொண்டு மூடுவது? பேரூர் வட்டாரத்துச் செம்மண் திருட்டுக்கும் பின்னர் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க வேண்டியதாயிற்று.

அனுமதி கொடுத்துவிட்டார்களா? சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், நமக்குச் சென்னையில் இருக்கும் தென்மண்டல அமர்வு, 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் கதவு சாத்திவிடும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். அனுமதித்த எல்லைக்கு வெளியே தோண்டினால், நடைச்சீட்டு இல்லாமல் லாரி ஓடினால், 1957ஆம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம். வண்டி எண், தேதி, நேரம், படம் இவை போதும். லாரியை மறிக்கத் தனியாகப் போகாதீர்கள். இது சும்மா சொல்வதல்ல. 2022இல் கரூர் மாவட்டம் க.பரமத்தி அருகே குவாரியை எதிர்த்த விவசாயி ஒருவர் வாகனம் மோதி இறந்தார், கொலை வழக்கானது. 2025 ஜனவரியில் திருமயம் அருகே ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார், அவர் சட்டவிரோதக் குவாரிகள் மீது புகார் கொடுத்து வந்தவர். மனு ஒருவர் பெயரில் போகாமல் இருபது பேர் கையெழுத்தோடு போகட்டும். மிரட்டல் வந்தால் அன்றைக்கே காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

பெரியவரிடம் கடைசியாகச் சொன்னது சட்டமே இல்லை. வெடி வைக்க ஆரம்பிப்பதற்கு முன்னாடி சாளையின் எல்லாச் சுவரையும், அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்து, படம் எடுக்க வேண்டும். விரிசல் வந்த பிறகு காட்டினால் ‘அது பழசுங்க’ என்பார்கள். எண்பதடிக் கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு மாதம் ஒரு முறை அளந்து, அக்கம்பக்கத்து இரண்டு பேர் கையெழுத்தோடு நோட்டில் எழுத வேண்டும். அவர் பேரனைக் கூப்பிட்டார். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பையன் கோடு போட்டான்: தேதி, அடி, கையெழுத்து. கயிற்றை இறக்கினோம். முப்பத்தேழு அடி.