ஐந்து வயதுச் சிறுவன் முன் ஓர் அரங்கேற்றம்

நூல் செய்தார் ஒருவர் அதனைச் சான்றோர் அவையிலே அரங்கேற்றுதல் நம் பண்டை மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே, அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்பர். பாட்டுக்கும் கூத்துக்கும் இவ்வாறு அவையுண்டு. நூலுக்குப் படம் வரையும் இளங்கலைஞன் தன் கைத்திறனை எவ்வவையில், யார் முன் அரங்கேற்றுவது?

சில காலத்தின் முன் என் பழைய மாணவன் ஒருவன் இவ்வினாவோடு என்னிடம் வந்தான். ஊர் வாசிகசாலையிலே மூன்று நாள் தன் சித்திரங்களைப் பார்வைக்கு வைத்திருந்தான். வந்தோர் மிகச் சிலர். அவருள்ளும் பலர் உறவினர். "ஐயா, பார்ப்பாரில்லாத படத்தை எதற்காக வரைவது?" என்று கேட்டான். இலக்கணக் கொப்பியின் ஓரத்தில் அவன் வரைந்த காகத்தை முன்னொருகால் அழிப்பித்தவன் நான். ஆதலால் உடனே விடை கூற நா எழவில்லை. பின்னர் அவன் பொருட்டுத் தேடிக் கற்றதையே இங்கு எழுதுகின்றேன்.

1866ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே செல்வக் குடியொன்றிற் பிறந்தவர் பியற்றிக்ஸ் பொற்றர் என்னும் அம்மையார். பாடசாலை சென்றறியாதவர், வீட்டிலே ஆசிரியைமாரிடம் கற்றவர். முயலும் எலியும் முள்ளெலியுமே அவருக்குத் தோழர். அவற்றை உற்றுநோக்கி வரைதலே அவர் பொழுதுபோக்காயிற்று. 1890இல் அவர் வரைந்த முயற்படங்களை வாழ்த்து மடல் வெளியிடும் நிறுவனமொன்று ஆறு பவுணுக்கு வாங்கியது. முதல் வாயில் திறந்தது. ஆயின், மடலைப் பெறுவோர் அனுப்பியவரை நினைப்பரேயன்றி, வரைந்தவரை நினைப்பரோ?

அடுத்து அவர் அணுகியது அறிஞர் அவை. காளான்களை நுணுகி ஆராய்ந்து நூற்றுக்கணக்கான வண்ணப்படங்களைத் தீட்டியவர், அவற்றின் வித்துகள் முளைக்கும் முறைபற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். 1897 ஏப்ரல் முதலாந் தேதி அக்கட்டுரை இலண்டன் லின்னேயன் சங்கத்தில் அளிக்கப்பட்டது. பெண்கள் அச்சங்கக் கூட்டங்களில் அமர இயலாத காலம் அது. ஆகவே வேறொருவரே அதனை அவையில் முன்வைத்தார். பின்னர் அக்கட்டுரை மீளப் பெறப்பட்டது; அச்சேறவில்லை.

இவ்விரண்டிற்கும் இடையே, பெருமுயற்சி எதுவுமின்றி, அவருடைய உண்மையான அரங்கேற்றம் நிகழ்ந்துவிட்டது. அவருக்கு முன்னர்க் கற்பித்த ஆசிரியையின் மகன் நோயல், ஐந்து வயதுச் சிறுவன், நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தான். 1893 செப்ரெம்பர் 4ஆந் தேதி, ஸ்கொத்லாந்தில் தங்கியிருந்த அம்மையார் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதுதற்குச் செய்தி வேறின்மையால், நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களோடு வரைந்து அனுப்பினார். அவையிலிருந்தவன் ஒருவனே. அவன் அக்கடிதத்தைப் பல ஆண்டு போற்றி வைத்திருந்தான்.

அதனை நூலாக்கலாம் என்று ஊக்கியவர் அச்சிறுவனின் தாயார். அம்மையார் கடிதத்தை இரவலாகப் பெற்று, கதையை விரித்தெழுதிப் பதிப்பகத்தாருக்கு அனுப்பினார். குறைந்தது ஆறு பதிப்பகத்தார் மறுத்தனர். பெரிய நூலாக, கூடிய விலையில் வெளியிடலாம் என்பாரும் இருந்தனர். சிறு கைக்குச் சிறு நூலே ஏற்றது, எளியோரும் வாங்கும் விலையே வேண்டும் என்ற கொள்கையை அம்மையார் விட்டுக் கொடுத்திலர். 1901 டிசெம்பரிலே தம் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டுச் சுற்றத்தார்க்கும் நண்பர்க்கும் வழங்கினார். அவை விரைவிற் செலவாகவே மேலும் 200 அச்சிட்டார்.

குடும்ப நண்பரான றோன்ஸ்லிப் பாதிரியார் கதையைச் செய்யுளாக்கிப் படங்களோடு வாண் நிறுவனத்தார்க்கு அனுப்பினார். முன்னர் மறுத்தவருள் அவரும் ஒருவரே. செய்யுள் வேண்டாம், அம்மையாரின் உரைநடையே போதும். படங்களுக்கு மட்டும் வண்ணம் வேண்டும் என்றனர். வண்ணத்திற்கு அம்மையார் இசைந்தார். நூலின் சிறுமை மாறவில்லை. 1902 ஒக்ரோபரில் 8,000 பிரதிகளோடு வெளிவந்த 'பீற்றர் முயலின் கதை', அவ்வாண்டு முடிவதற்குள் 28,000 பிரதிகளை எட்டியது. அறிஞர் அவையில் இடம்பெறாத காளான் படங்களுள்ளும் 59, அவர் மறைந்து இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1967இல் காளான் பற்றிய நூலொன்றை அணிசெய்தன.

இவ்வரலாறு கூறும் உண்மை யாது? கூட்டத்தைக் கருதி வரைந்தபோது பெயர் மறைந்தது; ஒரு குழந்தையின் முகத்தை மனத்திற்கொண்டு வரைந்தபோது கூட்டம் தானே வந்தது. இதனால் வாளாவிருத்தலே போதும் என்பதன்று. அம்மையார் ஆறு வாயில்களைத் தட்டினார். தம் பணத்தைச் செலவிட்டார். நண்பர் துணையை நாடினார். கொள்ளத்தக்க திருத்தத்தைக் கொண்டார், தள்ளத்தக்கதைத் தள்ளினார். ஆயினும் அத்துணை முயற்சிக்கும் அடிப்படை, ஒருவன் விரும்பிப் போற்றிய ஒரு கடிதமே. அக்கடிதம் பேணப்படாதிருந்தால் நூல் ஏது?

இவற்றை என் மாணவனுக்குச் சொன்னேன். இரண்டு கிழமைக்குப் பின் வந்தான். தன் தமக்கை மகளுக்கென வரைந்த கதைக் கொப்பியொன்றைக் காட்டினான். அவள் அதை இரவல் கொடுக்கவும் மனமின்றித் தந்தாளாம். அன்று நான் ஓரத்தில் அழிப்பித்த காகம் அதன் நடுப்பக்கத்தில் இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, இளங்கலைஞனின் முதலாவது அவை பெரும்பாலும் நம் வகுப்பறையே. கொப்பியின் ஓரத்தில் ஒரு காகத்தைக் காணின், அழிக்குமுன் ஒருகணம் நின்று பாருங்கள். ஒருவர் பார்த்தாலே அவனுக்கு அவை கூடிவிடும்.